மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் அது சுற்றுலாவா?

நியூசிலாந்துக்குக் கார் ஓட்டிச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் போடும் ப்ளான்களைக் கொஞ்ச நாளாகக் கவனித்துக்கொண்டு வருகிறேன். சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் ஒன்று வந்தது. வீடியோக்களில் பத்து பார்த்தேன். ட்ராவல் ஏஜெண்ட் அனுப்பிய அட்டவணை வேறு. எல்லாம் ஒரே அச்சு. பத்து நாள், இரண்டு தீவு, ஒரு வாடகைக் கார், ஒரே ஒரு டிரைவர். அந்த டிரைவர் பெரும்பாலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ.

ஆக்லாந்தில் இறங்கி ரோட்டோருவா வழியாக வெலிங்டன். கப்பலில் ஏறி பிக்டன். அங்கிருந்து கைகோரா, கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ ஏரி, குயின்ஸ்டவுன். ஒருநாள் மில்ஃபோர்ட் சவுண்ட் போய்த் திரும்புவது. அப்புறம் மேற்குக் கரையில் பனியாறுகள், கடைசியில் மலையைக் கடந்து மறுபடி கிறைஸ்ட்சர்ச். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். வழி தவறியது, சாப்பாட்டுக்கு ஊருக்குள் போனது எல்லாம் சேர்த்தால் மூவாயிரம்.

மக்களே, இதற்குப் பெயர் சுற்றுலா ப்ளான் இல்லை. இது லாரி டிரைவரின் டூட்டி சார்ட்.

சும்மா கிண்டலுக்குச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் லாரி ஓட்டுகிறவர் ஐந்தரை மணி நேர வேலைக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு எடுத்தே ஆகவேண்டும். ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, அதன்பின் தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வு. இது சட்டம். இப்போது நம் ப்ளானில் எல்லோரும் போடுகிற அந்த மில்ஃபோர்ட் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டுக்கு நேர்கோட்டில் பார்த்தால் பக்கம்தான். நடுவில் மலை நிற்பதால் ரோடு டே ஆனாவ் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு வழிக்கு சுமார் 290 கிலோமீட்டர். போக நாலு மணி, வர நாலு மணி, நடுவில் படகுச் சவாரி இரண்டு மணி. சாப்பாடு, பாத்ரூம், "இங்க நிறுத்து, ஒரு போட்டோ" எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம். தொழில்முறை டிரைவருக்குச் சட்டம் எங்கே கோடு போடுகிறதோ, அந்தக் கோட்டில் போய் நிற்கிறார் மாமா. மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். மாமாவுக்கு ஓய்வு கொடுக்கச் சட்டமும் இல்லை, ப்ளானில் இடமும் இல்லை.

ஏன் இப்படி ப்ளான் போடுகிறோம்? காமர்ஸ் படிக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். ஒரு தொழிற்சாலையில் வாடகை, இயந்திரம் மாதிரி நிலையான செலவு இருக்கும். உற்பத்தியை ஏற்றினால் அந்தச் செலவு அதிக யூனிட் மேல் பரவும், ஒரு யூனிட்டின் அடக்கவிலை குறைந்தது போலத் தெரியும். நம்மாட்கள் ஃப்ளைட் டிக்கெட்டையும் விசா செலவையும் நிலையான செலவாக வைத்து, 'பார்த்த இடங்கள்' என்ற யூனிட் மேல் பரப்புகிறார்கள். ஐந்து இடம் பார்த்தால் ஒரு இடம் ரொம்பக் காஸ்ட்லி. இருபத்தைந்து இடம் பார்த்தால் சல்லிசு! கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் விற்காத சரக்கை உற்பத்தி செய்து குடோனில் அடுக்கினாலும் இதே மாதிரி அடக்கவிலை குறையும் என்று எங்கள் காஸ்டிங் வாத்தியார் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார். தூக்கக் கலக்கத்தில் கார் கண்ணாடி வழியாகப் பார்த்த ஏரி விற்காத சரக்கு.

டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். இரண்டு இடம் பார்த்தாலும் இருபது பார்த்தாலும் அது திரும்பி வராது. அதற்குப் பாடப்புத்தகத்தில் சங்க் காஸ்ட் என்று பெயர். அடுத்து எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்கக்கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் "அவ்ளோ காசு போட்டுப் போறோம், இதையும் பாத்துரலாமே" என்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "தம்பி, நாங்க சென்னை ட்ராஃபிக்லயே ஓட்டினவங்க. அங்கயும் நம்மள மாதிரி இடதுபக்கம்தான். ரோடு காலியா இருக்கும். என்ன கஷ்டம்?"

கஷ்டமே அந்தக் காலி ரோடுதான் சார். சென்னையில் நாம் பழகியது இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இடுக்கில் நுழைவது. உரசினால் பெயிண்ட் போகும், இரண்டு வார்த்தை திட்டு விழும். நியூசிலாந்தின் தென்தீவில் நெடுஞ்சாலை என்று சொல்வது பெரும்பாலும் போக ஒன்று வர ஒன்று என இரண்டே லேன். நடுவில் சுவர் இல்லை, செடி இல்லை, பெயிண்ட் கோடு மட்டும். வேக வரம்பு 100. எதிரில் வருபவரும் அதே வேகத்தில் வரலாம். ஒரு விநாடி கண் சொக்கினால் கார் 27 மீட்டர் போயிருக்கும். அதுவும் மலைப்பாதை வளைவில்.

பாலங்களைப் பற்றிக் கேளுங்கள். மேற்குக் கரையில் பல பாலங்கள் ஒரே லேன்தான். போர்டில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாய்ச் சிவப்பாக இருந்தால் நீங்கள் நின்று எதிர் வண்டிக்கு வழிவிட வேண்டும். நம் ஊர் வழக்கப்படி "நான் முதல்ல லைட் அடிச்சேன்" என்றெல்லாம் அங்கே செல்லாது. பள்ளிப் பேருந்து நின்று பிள்ளைகள் ஏறி இறங்கினால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் கடக்க வேண்டும். நூறிலிருந்து இருபது. ஏழாவது நாளாக ஓட்டிக்கொண்டிருக்கும் மாமாவின் கால் அந்த பிரேக்குக்குச் சரியான நேரத்தில் போகுமா என்பதுதான் என் கேள்வி.

முதல் நாள் கதை இன்னும் மோசம். ஜனவரியில் அந்த ஊர் கடிகாரம் நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விமானத்தை விட்டு இறங்கி காலை பத்து மணிக்கு ஏர்போர்ட்டிலேயே கார் சாவி வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் உடம்புக்கு அப்போது நள்ளிரவு இரண்டரை. முந்தைய இரவும் விமானத்தில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். ராத்திரி இரண்டரை மணிக்கு விழுப்புரம் பைபாஸில் ஓட்ட வேண்டாம் என்று சொல்லும் அதே அத்தைகள், இதற்கு மட்டும் "ஹேப்பி ஜர்னி" போடுகிறார்கள்.

பள்ளி விடுமுறை என்று மே மாதம் போகிறவர்களுக்கு வேறொரு பரிசு. அங்கே அது குளிர்காலத்தின் வாசல். மே கடைசியில் குயின்ஸ்டவுன் பக்கம் சூரியன் வரவே எட்டு மணி தாண்டும், ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும். நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். மில்ஃபோர்ட் ரோடு பனிச்சரிவு அபாயத்தால் மூடப்படலாம், டயருக்குச் சங்கிலி வைத்திருக்கச் சொல்வார்கள். வீடியோவில் இதெல்லாம் வராது. வீடியோ எடுத்தவர் டிசம்பரில் போனவர்.

இன்னொரு விஷயம், நாம் பேச விரும்பாதது. 2014, 2015 வாக்கில் தென்தீவில் உள்ளூர்க்காரர்கள் சிலர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் கார் சாவியையே பிடுங்கிக்கொண்ட சம்பவங்கள் செய்தியாயின. கோடு தாண்டி ஓட்டியதைப் பார்த்துப் பயந்து செய்தோம் என்றார்கள். அப்படிப் பிடுங்குவது தப்பு, யாரும் யாருக்கும் போலீஸ் இல்லை. முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கமும் அதில் கலந்திருந்தது. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் பெரும்பாலான விபத்துகளில் உள்ளூர் டிரைவர்கள்தான் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் சுற்றுலாப் பயணிகள் குவியும் தென்தீவுப் பகுதிகளில் வெளிநாட்டு டிரைவர்களின் பங்கு நாட்டுச் சராசரியைவிடப் பல மடங்கு. 2014-லேயே அரசு இதற்கென்று தனித்திட்டம் போட்டு, ரோட்டில் இடதுபக்க அம்புகள் வரையும் வேலைகளைச் செய்தது. நம்மைத் திட்டுபவனிடம் இனவெறி இருக்கலாம். அதனால் நம் ப்ளான் சரியாகிவிடாது.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இன்சூரன்ஸ் உண்டு என்பார்கள். ஆனால் எக்சஸ் என்று ஒன்று இருக்கும். விபத்தானால் முதல் சில ஆயிரம் டாலர் உங்கள் பையிலிருந்து. அதைக் குறைக்க தினமும் தனிக்கட்டணம். குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் கேன்யன் மாதிரி சில ரோடுகளில் வாடகைக் கார் நுழைந்தாலே இன்சூரன்ஸ் செல்லாது. டீசல் கேம்பர்வேன் எடுத்தால், பம்பில் டீசல் மலிவாகத் தெரியும். காரணம், டீசல் விலையில் சாலை வரி இல்லை. அதைக் கிலோமீட்டர் கணக்கில் தனியாக வசூலிக்கிறார்கள். வாடகைக் கம்பெனி அந்தப் பில்லை உங்களிடம் நீட்டும். மூவாயிரம் ஓட்டினால் மூவாயிரத்துக்கும் கட்டவேண்டும். ஓட்டுபவருக்கு வயது 25-க்குக் கீழே என்றால் பல இடங்களில் அதற்கும் தனிக்கட்டணம். (என் வயதுக்காரர்கள் கவனிக்க :-))

இன்னொன்று. அந்த நாட்டில் விபத்தில் காயம்பட்டால் வந்தவர் போனவர் எல்லோருக்கும் சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம் 1974 முதல் இருக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தச் செலவு அந்த ஊர் மக்களின் பணம். நம் ப்ளானில் நாம் மிச்சம் பிடித்த இரண்டு நாளின் செலவை யார் கணக்கில் எழுதுகிறோம் பாருங்கள். பால் டேங்கர் ஓட்டுபவர், பள்ளிக்கூடப் பிள்ளை, ஆம்புலன்ஸ் ஆட்கள். லாபம் நமக்கு, ரிஸ்க் அவர்களுக்கு.

"வாழ்க்கையில ஒரு தடவைதான் போகப்போறோம்" என்று சொல்பவர்களை நான் கிண்டல் செய்யமாட்டேன். அது உண்மையான வருத்தம். நிறையப் பேருக்குப் பத்து வருடச் சேமிப்பு அது. ஆனால் ஒரு தடவைதான் போகப்போகிறோம் என்பதே என் கட்சிக்குத்தான் பலம். ஒரே ஒரு தடவை சாப்பிடப்போகும் விருந்தை யாராவது ஓடிக்கொண்டே சாப்பிடுவார்களா?

ஆகவே ப்ளான் போடும்போது முதலில் இடங்களை எழுதாதீர்கள். மணிகளை எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஸ்டியரிங் பிடிக்க நாலு மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. மேப் மூன்று மணி என்றால் நாலரை என்று எழுதுங்கள். பத்து நாள் என்றால் ஒரு தீவு போதும். இறங்கிய அன்று வண்டி எடுக்கவே வேண்டாம், தூங்குங்கள். ஒப்பந்தத்தில் இரண்டாவது டிரைவர் பெயரைச் சேருங்கள். மில்ஃபோர்டுக்கு பஸ் போகிறது. டிரைவர் மாமாவும் ஒருநாள் ஜன்னல் ஓரம் உட்காரட்டுமே, அவரும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறார்? பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள், கௌரவம் குறையாது.

கடைசியாக, ஒரு நாளைக் காலியாக விடுங்கள். 2016 நவம்பர் 14 பூகம்பத்தில் மூடிய கைகோரா நெடுஞ்சாலை 2017 டிசம்பர் 15-ல்தான் திறந்தது. 2019 மார்ச்சில் ஃபிரான்ஸ் ஜோசஃப் அருகே வைஹோ ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 18 நாளில் புதுப்பாலம் போட்டுவிட்டார்கள், ஆனால் அதுவரை மேற்குக் கரைச் சாலை இரண்டு துண்டு. அந்த மண் அப்படிப்பட்டது. காலையில் போக்குவரத்துத் துறையின் தளத்தில் ரோடு நிலவரம் பார்த்துவிட்டுத்தான் அங்குள்ளவர்களே கிளம்புகிறார்கள். ஒரு மணி நேரம்கூட இடைவெளி இல்லாத ப்ளான் வைத்திருப்பவர் ரோடு மூடியிருந்தால் என்ன செய்வார்? இழந்த நேரத்தை வேகத்தில் பிடிப்பார். அதுவும் ராத்திரியில்.

இருபத்தைந்து இடம் பார்த்தேன் என்று சொல்பவரிடம் அடுத்த முறை ஒன்று கேளுங்கள். "யார் ஓட்டினது?" அப்புறம் அந்த ஆளைத் தேடிப் போய், என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ரோட்டின் நடுவில் இருந்த கோட்டைப் பார்த்தேன் என்பார்.