ஓட்டைப் பிரிச்சு ஷீட் போடாதீங்க மக்கா!

முப்பந்தல்ல அத்தனை காத்தாடி நிக்கிறது நம்ம ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்தை நம்பித்தான். அந்தக் காத்துக்கு நேரா, ஓட்டைப் பிரிச்சுட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடுறோமே, இது நியாயமா?

"ஷீட்டுதான் சீப்"ங்கிறாங்க. காமர்ஸ் படிக்கிறவன் சொல்றேன், வாங்குற விலை மட்டும் செலவு கிடையாது. 2017 நவம்பர் 30-ல ஓகி புயல் அடிச்சப்போ குமரி மாவட்டமே கூரையை அண்ணாந்து பார்த்துச்சு. ஓடு உடைஞ்சா உடைஞ்ச ஓட்டை மட்டும் மாத்தலாம். ஷீட் விரிஞ்சா முழு ஷீட்டும் போச்சு.

அதைவிடப் பெரிய செலவு நுரையீரலுக்கு. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லயே முழுசாத் தடை பண்ணியாச்சு. நாம இன்னும் இறக்குமதி பண்ணித் தலைக்கு மேல வச்சிருக்கோம். அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கிற தூசிதான் எமன். அதை முதல்ல சுவாசிக்கிறது கூரை ஏறுற கூலிக்காரர். லாபம் நமக்கு, இருமல் அவருக்கா?

ரீப்பர் இத்துப்போனா ரீப்பரை மாத்துங்க, நல்ல ஓட்டைத் திரும்ப அடுக்குங்க. கட்டுப்படியாகலையா? தகர ஷீட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸை நனைச்சு, உடைக்காம முழுசா இறக்குங்க. அரசாங்கம் தடை போடட்டும்னு காத்திருக்க வேண்டாம். நம்ம வீட்டுக்கு நாமளே தடை போடலாம்.