காளைக்குப் பயிற்சி, பாட்டிக்கு மாத்திரை மட்டுமா?

தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நெருங்கும் நாளில் புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழுவங்களை எட்டிப் பாருங்கள். காளையைக் கண்மாயில் நீச்சல் விடுகிறார்கள், மண் குத்தப் பழக்குகிறார்கள், பருத்திக்கொட்டை வைக்கிறார்கள். சதைக்கு வேலையும் வேண்டும், தீனியும் வேண்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வீட்டுத் திண்ணையில், பல வருடச் சர்க்கரையோடு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, ஒருமுறை முடியாமல் உட்கார்ந்து மறுமுறை எழுந்திருக்கிறார் பாட்டி. அவருடைய கெண்டைக்கால் வற்றியதைப் பார்த்து, "சக்கரை உருக்குது" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். குடும்பம் அப்படி நகர்வதை அறியாமை என்று விடலாம். மக்கள் நல்வாழ்வுத் துறையும் அப்படியே நகர்வதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாசல் தேடி மாத்திரை தரும் இத்திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது. தகும். பஸ் வராத ஊரில் இருப்பவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தன்னார்வலரின் பையில் இருக்கும் கருவி ரத்தத்துச் சர்க்கரையை அளக்கிறது. அந்தச் சர்க்கரையை வாங்கிச் செலவழிக்க வேண்டிய தசையை அளப்பார் இல்லை. சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். அது வற்ற வற்றச் சர்க்கரை அடங்காது. சர்க்கரை அடங்காதபோது தசை இன்னும் வேகமாக வற்றும். இயன்முறை சிகிச்சையும் திட்டத்தில் உண்டு. அது பெரும்பாலும் போய்ச் சேர்வது பக்கவாதம் வந்தவர், படுக்கையில் விழுந்தவர் வீட்டுக்கு. விழுவதற்கு முன் போக ஆளில்லை.

கேட்டால், நடக்கச் சொல்கிறார்கள். 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தார்கள். நடப்பது நல்லதுதான். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாதவருக்கு 8 கிலோமீட்டரைக் காட்டுவது எந்த ஊர் வைத்தியம்? நடை நெஞ்சுக்குப் பலம். வற்றிய தொடைச் சதையை அது மட்டும் மீட்காது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நடையோடு நிற்கவில்லை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 வயதுக்கு மேல் நிலைதடுமாறாமல் இருக்கும் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள் என்கிறது. இந்த இரண்டாம் பாதியைத்தான் நம்மூரில் சொல்வதே இல்லை.

வயதான உடம்பு இனி தேறாது என்பார்கள். 1990இல் பாஸ்டனில், சராசரி 90 வயதான முதியோர் இல்லத்துக்காரர்கள் 8 வாரம் காலால் எடை தூக்கினார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 2002இல் அதே ஊரில், சர்க்கரை உள்ள 62 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், 16 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.7இலிருந்து 7.6க்கு இறங்கியது. அவர்களில் 72 சதவீதம் பேருக்கு மாத்திரையும் குறைந்தது. இது வெளிவந்தே இருபது ஆண்டு தாண்டிவிட்டது.

பணமில்லை என்ற சாக்கும் எடுபடாது. கைப்பிடி இல்லாத நாற்காலி, கைபேசிக் கடிகாரம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடி ஆனாலோ அதைத் தாண்டினாலோ தசை குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறது ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோல். பயிற்சிக்கும் இரும்பு வேண்டாம். மணல் பையும் தண்ணீர் பாட்டிலும் போதும், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் எடை கூட்டினால் சரி. (உரலையும் உலக்கையையும் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறோம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

"கிழவி எடை தூக்குவாளா" என்று சிரிப்பவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். பொம்பளைக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்ட தெருக்களிலேயே பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டிக் காட்டினார்கள். அன்று முப்பது வயதில் மிதித்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. இப்போது திண்ணையில் கை ஊன்றி எழுபவர்களில் அவர்களும் உண்டு.

ஆகவே துறை இதைத் திருத்த வேண்டும். தன்னார்வலரின் பதிவேட்டில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் நாற்காலிச் சோதனைக்கும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் இயன்முறை சிகிச்சையாளர் வாரம் இருமுறை ஊர்ப் பொதுக்கூடத்தில் முதியோரைக் கூட்டிப் பயிற்சி தர வேண்டும். நெஞ்சுவலி, அடங்காத ரத்த அழுத்தம், விழித்திரைக் கோளாறு, ஆறாத கால்புண் உள்ளவர்களை மருத்துவர் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். சர்க்கரை திடீரென இறங்கினால் வாயில் போட வெல்லக்கட்டி கையிருப்பில் வேண்டும். சோற்றைக் குறைக்கச் சொல்பவர்கள், சிறுநீரகம் சரியாக உள்ளவருக்கு முட்டையையும் பருப்பையும் கூட்டச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் மாத்திரையோடு படியேறும்போது தன்னார்வலர் முதலில் நாற்காலியை எடுத்துப் போடச் சொல்லட்டும்.