சுயதருமம்: யார் வகுத்த தருமம்?

கடமை! கேட்கக் கேட்க இனிக்கும் சொல். கண்ணியத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் முன்னே கடமையை நிறுத்திக் கொடி பிடித்தவர்கள் நாம். ஆகவே, கடமை என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிக்கும் கூட்டமல்ல நாம் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

ஆனால் தோழர்களே, 'உன் கடமையைச் செய்' என்று ஒருவர் நம்மிடம் சொன்னால், உடனே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எது என் கடமை? அதைக் கேட்ட கையோடு கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அது என் கடமை என்று தீர்மானித்தவர் யார்?

மேடைதோறும், மண்டபந்தோறும், இப்போது கைபேசித் திரைதோறும் கீதைச் சொற்பொழிவு நடக்கிறது. குரல் இனிக்கிறது, உவமை இனிக்கிறது. "அவரவர் இயல்புக்கு ஏற்ற பணியை அவரவர் செய்வதே சுயதருமம், இதிலே சாதி எங்கே வந்தது?" என்று கேட்கிறார்கள். மில்லிலே இரவுப் பணி முடித்துவிட்டு வந்து கேட்கும் நம் தோழன், "அவனவன் வேலையை அவனவன் ஒழுங்கா செய்யணும்னுதானே சொல்றாரு, இதிலே என்ன தப்பு?" என்று தலையாட்டுகிறான். தப்பு எங்கே இருக்கிறது என்பதை ஏட்டைப் புரட்டியே காட்டுவோம். வைதுவிட்டுப் போவது எளிது. படித்துவிட்டுப் பேசுவதே நம் பழக்கம்.

கீதைக்கு 18 அத்தியாயங்கள், 700 சுலோகங்கள். 3ஆம் அத்தியாயத்திலும் 18ஆம் அத்தியாயத்திலும் ஒரே கருத்து இருமுறை வருகிறது. பிறருக்கு உரிய தருமத்தை எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அது வேண்டாம். தனக்கு உரியதை அரைகுறையாகச் செய்தாலும் அதுவே மேல் என்பது அந்தக் கருத்து. சரி, தனக்கு உரியது எது? அதற்கும் அந்த 18ஆம் அத்தியாயத்திலேயே பட்டியல் இருக்கிறது. அடக்கமும் தவமும் ஞானமும் ஒருவருக்கு. வீரமும் ஆட்சியும் ஒருவருக்கு. உழவும் பசுக்காவலும் வாணிபமும் ஒருவருக்கு. நாலாமவருக்கு? ஊழியம்! பட்டியல் முடிந்தது.

மனு இதையே சட்டமாக எழுதினார். முதல் மூவருக்கும் பல தொழில்களை அடுக்கிக்கொண்டே வந்தவர், சூத்திரனிடம் வந்ததும் ஒரே ஒரு தொழில் என்றார். மற்ற மூவருக்கும் பணி செய்வது, அதையும் பொறாமையின்றிச் செய்வது! வேலையை மட்டுமா வகுத்தார்? வேலை செய்பவன் மனத்தில் எழவேண்டிய எண்ணத்தையும் சேர்த்தல்லவா வகுத்தார்!

"அதெல்லாம் பிறப்பால் அல்லவே, குணத்தால், செய்கையால் என்றுதானே கண்ணன் 4ஆம் அத்தியாயத்தில் சொல்கிறார்" என்பார்கள். நல்லது. இதுதான் அவர்கள் கையிலுள்ள கூரிய வாள். அதையும் வாங்கிப் பார்ப்போம்.

குணத்தால் என்றால், குணத்தைச் சோதித்தவர் யார்? எந்த வயதில் சோதித்தார்? எந்தச் சாவடியில் சீட்டுக் கொடுத்தார்? ஒரு குழந்தையின் குணம் தெரியுமுன்பே, பெயர் சூட்டும் நாளிலேயே, இன்ன வருணத்துக்கு இன்ன வகைப் பெயர் என்று மனு ஏன் விதி எழுதினார்? தொட்டிலிலே கிடக்கும் பிள்ளைக்கு என்ன குணம் கண்டார்?

இன்னும் ஒன்று. கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் அஞ்சுகிறான். குலம் அழியும், பெண்கள் நெறி தவறுவர், வருணக் கலப்பு உண்டாகும் என்று அஞ்சுகிறான். 3ஆம் அத்தியாயத்தில் கண்ணனே, தான் செயலற்று இருந்தால் கலப்புக்குத் தானே காரணமாவேன் என்கிறார். தோழர்களே, சிந்தியுங்கள். வருணம் குணத்தைப் பொறுத்தது என்றால், அது திருமணத்தால் எப்படிக் கலக்கும்? அறிவாளி ஒருவனும் உழைப்பாளி ஒருத்தியும் மணந்துகொண்டால் குணம் கெட்டுவிடுமா? கலந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள் என்றால், பிரித்து வைத்தது பிறப்பை என்பதுதானே பொருள்!

கீதை சொல்லப்பட்ட இடத்தையே பாருங்கள். குருட்சேத்திரப் போர்க்களம். எதிர்ப்படையிலே நிற்பவர் யார்? துரோணர். பிறப்பால் பிராமணர். அவர் மகன் அசுவத்தாமன், மைத்துனர் கிருபர், எல்லோரும் பிறப்பால் பிராமணர். எல்லோர் கையிலும் ஆயுதம். பீஷ்மர் விழுந்தபின் கௌரவப் படைக்கே தளபதியாகிறார் துரோணர். "பிறர் தருமம் உமக்கு வேண்டாம், வில்லைக் கீழே போடும், வேதம் ஓதப் போம்" என்று அவரை யாரும் களத்தைவிட்டு விரட்டவில்லையே!

அதே துரோணர்தாம், வேடர் குலத்து ஏகலைவனைச் சீடனாக ஏற்க மறுத்தவர். மண்ணால் ஓர் உருவம் செய்து, அதன் முன் நின்று தானே கற்றுக்கொண்டான் அந்தப் பிள்ளை. கற்றதற்குக் காணிக்கையாக வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார் குரு. வில் துரோணருக்குச் சுயதருமமா? இல்லை. ஏகலைவனுக்கோ, வேட்டை குலத்தொழில். வில் பிறப்போடு வந்தது! குலத்தொழிலிலேயே சிறந்தான், அப்போதும் விரல் போயிற்று. அப்படியானால், அவரவர் தொழில் அவரவருக்கு என்பதுகூட முழு உண்மையல்ல. எவ்வளவு உயரம் போகலாம் என்பதுதான் அங்கே அளவு!

"துரோணர் வறுமையால் வில்லெடுத்தார், அது ஆபத்துத் தருமம்" என்பார்கள். ஆம், மனுவின் 10ஆம் அத்தியாயத்தில் அந்தக் கதவு இருக்கிறது. பிழைக்க வழியில்லாத பிராமணன் சத்திரியனின் தொழிலைச் செய்யலாம். அதுவும் இயலாவிட்டால் வைசியனின் தொழிலையும் செய்யலாம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது நம் பழமொழி, மனுவும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதே அத்தியாயத்திலே, கீழே உள்ளவன் பொருளாசையால் மேலே உள்ளவன் தொழிலைச் செய்து பிழைத்தால் என்ன செய்வது? அரசன் அவன் சொத்தைப் பறித்துக்கொண்டு நாட்டைவிட்டு விரட்டவேண்டும்!

மேலே இருப்பவன் கீழே இறங்கினால் ஆபத்துத் தருமம். கீழே இருப்பவன் மேலே ஏறினால் பேராசை. இறங்குவதற்குப் படிக்கட்டு; ஏறுவோருக்கு நாடு கடத்தல்! இதற்குப் பெயர் தருமமாம்.

சரி, கடமையைக் கண்டறிய வழி ஏதேனும் சொன்னார்களா? சொன்னார்கள். வேதம், ஸ்மிருதி, சான்றோர் ஒழுக்கம், தன் உள்ளத்தின் நிறைவு என்று நான்கைச் சொல்கிறார் மனு. நாலாவதைக் கேட்டதும் நமக்கே ஒரு மகிழ்ச்சி. அட, மனச்சாட்சிக்கும் இடம் வைத்திருக்கிறாரே! ஆனால் ஒரு சுலோகம் தள்ளியே நிற்கவிடவில்லை அந்த மகிழ்ச்சி. தருக்கத்தை வைத்துக்கொண்டு வேதத்தையும் ஸ்மிருதியையும் அவமதிப்பவனைச் சான்றோர் ஒதுக்கவேண்டும் என்கிறார். 4ஆம் அத்தியாயத்திலே, சூத்திரனுக்குத் தருமத்தை எடுத்துச் சொல்லவே கூடாது என்கிறார். கடமையைச் செய் என்பது கட்டளை. எது கடமை என்று கேட்டால் சொல்லக்கூடாது. தானே சிந்தித்தால் ஒதுக்கிவை. வாய்க்கும் பூட்டு, செவிக்கும் பூட்டு, அறிவுக்கும் பூட்டு. கைக்கு மட்டும் வேலை!

பூட்டுப் போடாதவர்கள் படித்தபோதாவது ஒரே விடை கிடைத்ததா? மாண்டலே சிறையில் இருந்து திலகர் எழுதி 1915இல் வெளிவந்த கீதா ரகசியம், அதிலே செயலுக்கான அழைப்பைக் கண்டது. காந்தியார் அதே கீதையைக் குஜராத்தியில் மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். குருட்சேத்திரம் மனிதனின் உள்ளத்திலே நடக்கும் போர் என்றார், அகிம்சையைக் கண்டார். அந்தக் காந்தியாரைச் சுட்டுக்கொன்ற கோட்சே, 1949 நவம்பர் 15இல் தூக்குமேடைக்குப் போகையில் கையில் கொண்டுசென்றதும் கீதையே என்று எழுதியிருக்கிறார்கள். கொல்லப்பட்டவர் கையிலும் அதே ஏடு, கொன்றவன் கையிலும் அதே ஏடு! பலனை எண்ணாமல் செய்வதே கடமை என்று கொண்டால், செய்வது நல்லதா கெட்டதா என்று அளக்கும் கோல் எங்கே? பலன் யாருக்கு, பாதிப்பு யாருக்கு என்று பார்ப்பதுதானே அந்தக் கோல்! அதை முறித்துப்போட்டபின், அவரவர் மனத்திலுள்ளதை அவரவர் கடமை என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றை மறைக்கமாட்டோம். பாரதத்திலேயே மாற்றுக் குரலும் உண்டு. யட்சன் கேட்க, பிராமணத் தன்மை பிறப்பால் அல்ல, ஒழுக்கத்தால்தான் என்று தருமன் விடையளிக்கிறான். மிதிலை நகரில் இறைச்சி விற்கும் ஒருவர் பிராமணர் ஒருவருக்கே அறம் போதிக்கிறார். பாராட்டுவோம். ஆனால் போதித்தவர் மறுநாளும் அதே கடையிலேதான்! அவ்வளவு அறிவு அவருக்கு எப்படி வந்தது? முற்பிறவியில் பிராமணராம், சாபத்தால் இப்படிப் பிறந்தாராம்! கையில் கிடைத்த ஓர் அறிவாளியையும் நமக்கு விட்டுவைக்க மனமில்லை.

"இதெல்லாம் பழங்கதை, இன்று யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஆண்டுக் கணக்கோடு விடை சொல்கிறோம்.

1953. சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆச்சாரியார். பணமில்லை, பள்ளியில்லை, ஆகவே இரண்டு நேரமாகப் பிரித்தால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம் என்று காரணம் சொன்னார். காரணம் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி 3 மணி நேரம். எஞ்சிய நேரம் தகப்பனின் தொழிலைக் கற்றுக்கொள்ள! சிரைப்பவர் மகன் சிரைக்க, வெளுப்பவர் மகன் வெளுக்க. எழுத்தராக இருப்பவர் மகனுக்கு மாலையில் என்ன தொழில்? புத்தகம்! கீதையின் சுலோகம் அரசாணையாக வந்தது என்று கண்டுகொண்டார் பெரியார், கண்டுகொண்டார் அண்ணா. குலக்கல்வி என்று பெயரிட்டு நாடே எதிர்த்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் வந்தார், அந்த ஆண்டே திட்டம் குழிக்குப் போயிற்று. அது போகாதிருந்தால், இன்று பொறியாளராய், மருத்துவராய், மாவட்ட ஆட்சியராய் அமர்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த நாற்காலியிலே இருப்பார்கள்? இந்த ஏட்டைக் கையில் வைத்திருக்கும் தோழன் தன் குடும்பத்தையே எண்ணிப் பார்க்கட்டும்.

2023 செப்டம்பர் 17. ஒன்றிய அரசு விசுவகர்மா என்று ஒரு திட்டம் தொடங்கிற்று. 18 கைத்தொழில்கள், 18 வயது நிரம்பினால் போதும், குடும்பவழித் தொழில் செய்வோருக்குக் கடன். கைத்தொழிலாளிக்குக் கடன் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. கல்லூரி வாசலில் நிற்கவேண்டிய 18 வயதில், அப்பன் தொழிலுக்கு வா என்று அழைப்பதைத்தான் எதிர்த்தோம். குறைந்த வயதை 35 ஆக்குங்கள், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுங்கள் என்று தமிழ்நாடு கேட்டது. அவர்கள் இணங்காததால், இன்றைய வடிவில் இத்திட்டம் வேண்டாம் என்று 2024 நவம்பரில் அன்றைய தமிழ்நாடு அரசு எழுதிவிட்டது.

இன்னும் கொடுமை ஒன்று இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது. 2013இல் இன்னொரு சட்டம் தடுத்தது. சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 இலட்சமாக்கிற்று. இழப்பீடு ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. அந்தக் குழிக்குள் இறங்குகிறவன் எந்தச் சாதி என்று கேட்டுப் பாருங்கள். நச்சுக்காற்றை முகர்ந்து சாவது யாருடைய சுயதருமம்? சாதி என்பது உழைப்பைப் பங்கிட்டதல்ல, உழைப்பாளிகளையே பங்கிட்டது என்று டாக்டர் அம்பேத்கர் 1936இல் எழுதியதன் பொருள் அந்தக் குழியின் ஓரத்தில் நின்றால் விளங்கும்.

அப்படியானால் நாம் சொல்லும் கடமை எது? வள்ளுவர் அறத்துக்கு 38 அதிகாரம் வகுத்தார்; நாலு வருணத்துக்கு நாலு அதிகாரம் வகுக்கவில்லை. இந்த நாட்டின் அரசமைப்புச் சட்டம் 19ஆம் பிரிவிலே, விரும்பும் தொழிலைச் செய்ய எவருக்கும் உரிமை என்கிறது. அதே சட்டத்தில் 1976இல் குடிமக்களின் கடமைகளைச் சேர்த்தார்கள். இப்போது அவை 11. முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என்றில்லை. எல்லோருக்கும் ஒரே பட்டியல்! அதிலே ஒன்று, அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் இயல்பையும் வளர்ப்பது. கேட்காதே என்றது பழைய தருமம். கேட்பதே கடமை என்கிறது புதிய சட்டம்!

ஆகவே தோழர்களே, கடமை என்று எவர் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை வகுத்தவர் யார்? இதன் பயன் யாருக்கு? வேண்டாம் என்று சொல்லவும் வேறு தேடவும் எனக்கு உரிமை உண்டா? மூன்றுக்கும் நேர்மையான விடை வந்தால், உயிரைக் கொடுத்தும் அந்தக் கடமையைச் செய்வோம். விடை வராவிட்டால், அது விலங்கு.

எந்த மனிதர் மீதும் நமக்குப் பகையில்லை. பிறக்கும்போதே ஒருவன் கையில் ஏட்டையும் இன்னொருவன் கையில் விளக்குமாற்றையும் திணிக்கும் அந்த விதியின் மீதுதான் பகை. உங்கள் மகனைப் பார்த்து, மகளைப் பார்த்து, "அப்பன் தொழில் இருக்க என்ன கவலை?" என்று எவரேனும் சொன்னால், சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்: "அப்பன் பட்டது போதும். பிள்ளை படிக்கட்டும்!"

அதுதான் நம் கடமை. நாமே வகுத்துக்கொண்ட கடமை.