உடுவில் நாற்சார் வீடுகளை யார் காப்பது?

1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியின் 200ஆவது ஆண்டை ஊரே கொண்டாடியது. ஆனால், ஒழுங்கைகளில் எஞ்சி நிற்கும் பழைய நாற்சார் வீடுகள் எவர் கணக்கிலும் இல்லை. மாரிக்கு மாரி சுவர் கரைகிறது. பிறகு ஒருநாள் லொறி வந்து ஓட்டையும் மரத்தையும் ஏற்றிப்போகிறது.

நடுவில் திறந்த முற்றம், சுற்றி விறாந்தை, அதற்குப் பின்னால் அறைகள். நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிவதால் மழைத் தண்ணீர் அங்கே இறங்கி, வாய்க்காலால் வளவுக்குள் ஓடும். சித்திரை வெயிலிலும் விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கலாம். கல் இந்த மண்ணின் சுண்ணாம்புக்கல். சாந்தும் அதைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே. வளையும் சிலாகையும் வைரமேறிய பனை. வாசலில் சங்கடப்படலை: மேலே கூரை, இருபக்கமும் திண்ணை. தெருவால் போகிறவர் மழைக்கு ஒதுங்க வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை. இப்போது அந்த இடத்தில் ஆளுயர மதிலும் இரும்புக் கேற்றும்தான். பாதுகாப்பாம்!

இடிப்பவர்களைத் திட்டிப் பயனில்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். உறுதியில் பல பங்காளிகள். பனை வேலை தெரிந்த தச்சர் கிடைப்பது அரிது. திருத்தக் கேட்கிற காசுக்குப் புதுவீடே கட்டலாம் என்கிறார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நூறாண்டு கடந்த கட்டடத்தை வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கலாம். அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கு நல்லூர் மந்திரிமனையே சாட்சி. தனியார் காணியில் நிற்கும், ஊரறிந்த அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி 2025 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பேர்பெற்ற மனைக்கே அந்தக் கதி என்றால் உடுவில் ஒழுங்கை வீட்டை யார் தேடி வரப்போகிறார்?

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. வலிகாமம் தெற்கு பிரதேச சபையும் உடுவில் பிரதேச செயலகமும் கிராம அலுவலர்கள் வழியாக இதைச் செய்யலாம், பெரிய செலவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்கள் அளவெடுத்துப் படம் வரையட்டும். பேணுகிற உரிமையாளருக்கு ஆதனவரியில் சலுகை கொடுங்கள். தொல்பொருள் திணைக்களம் தகுதியான நாலைந்து வீட்டையாவது உரிமையாளர் சம்மதத்தோடு பொறுப்பெடுத்துத் திருத்தட்டும்.

வெளிநாட்டிலிருக்கும் உடுவிலாரே, வீட்டை விற்பதும் இடிப்பதும் உங்கள் உரிமை. லொறிக்காரரை அழைக்க முன் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் போடுங்கள். அளவெடுக்க ஒரு கிழமை அவகாசம் கொடுங்கள்.