கம்பெனி யாருடையது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனி செழித்தால் முதலாளியின் மூளை என்கிறார்கள். மூடிவிட்டாலோ, கிரகம் சரியில்லை, வாஸ்து சரியில்லை, தொழிலாளி சங்கம் வைத்தான் என்கிறார்கள். இக்கதையைத் தோழர்கள் சிறிது பகுத்தறிவைக் கொண்டு பரிசீலித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

நோக்கியா ஆலை 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் வேலை தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான நமது பிள்ளைகள் அங்கே கைப்பேசி செய்தார்கள். 2013 செப்டம்பரில், கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. நவம்பரில் பின்லாந்து தேசத்தில் பங்குக்காரர்கள் கூடி, ஓட்டுப் போட்டு ஒப்புக் கொண்டார்கள். வரித் தகராறினால் நமது ஆலை அவ்விற்பனையில் சேராமல் நின்றது. சிலகாலம் மைக்ரோசாப்டுக்குச் செய்து கொடுத்தது. அந்த ஒப்பந்தமும் முடிந்ததும் 2014 நவம்பர் 1-ல் வேலை நின்றது.

இதில் கிரகத்திற்கு என்ன வேலை? எத்தனை பூசணிக்காய் உடைத்திருந்தாலும் அந்தப் பங்குக்காரரின் ஓட்டு மாறியிருக்குமா? புதுமாதிரிப் போன்கள் வந்து நோக்கியாவின் வியாபாரம் சரிந்தது வாஸ்தவமே. ஆனால் எந்தப் போன் செய்வது என்று தீர்மானித்தவன் தொழிலாளியா? தீர்மானித்தவன் ஒருவன், தெருவில் நின்றவன் வேறொருவன். பின்னால் அதே ஆலையை சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்கிறதே! கட்டிடமும் வாசலும் அவைதானே? மாறியது சொந்தக்காரர் அல்லவா?

நஷ்டத்தில் மட்டுமல்ல, லாபத்திலும் இதே கதைதான். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியாவின் பங்குகள் ரூ. 27,870 கோடிக்கு விற்பனையாயின. இருங்காட்டுக்கோட்டை உழைப்பால் உயர்ந்த அந்த மதிப்பு கம்பெனிக்குள் வரவில்லை. விற்ற கொரியாத் தாய்க் கம்பெனிக்கே போயிற்று. ஆகவே, "கம்பெனி நன்றாக நடக்கிறது" என்று யாராவது சொன்னால், "யாருக்கு?" என்று கேளுங்கள்.

தொழிலாளி நிர்வாகத்தில் உட்கார்ந்தால் கம்பெனி கெட்டுவிடும் என்பார்கள். சூத்திரன் கருவறைக்குள் போனால் சாமி தீட்டாகிவிடும் என்ற பித்தலாட்டத்திற்கும் இதற்கும் என்ன பேதம்? ஜெர்மனியில் 1976-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெருங்கம்பெனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி இடம் தொழிலாளருடையது. ஒரகடத்தில் லாரி செய்யும் டெய்ம்லரின் தாய்க் கம்பெனியும் அப்படித்தான் நடக்கிறது. அங்கே தொழிலாளி உட்கார்ந்து எந்த யந்திரம் தீட்டாயிற்று? ஆனால் ஒரகடத்துத் தொழிலாளிக்கு அந்தச் சபைக்கு ஓட்டில்லை. ஒரே கம்பெனியில் அங்கே மனிதன், இங்கே கூலி!

நம் அரசியல் சட்டத்திலும் அதே 1976-இல் 43-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஆலை நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கு கொள்ள அரசு வழி செய்ய வேண்டுமென்று எழுதினார்கள். கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாத பகுதியில் எழுதியதால், அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடக்கிறது.

உழைப்பைப் போட்டவனும் கம்பெனியின் சொந்தக்காரனே. நிர்வாகச் சபையில் இடம், லாபத்தில் பங்கு, மூடுமுன் ஓட்டு ஆகிய இம்மூன்றையும் சட்டமாகக் கேளுங்கள். தலைவிதி என்று வாயை மூடிக் கொண்டிருக்கும் வரை, நம் விதியைப் பின்லாந்திலும் கொரியாவிலும்தான் எழுதிக் கொண்டிருப்பார்கள்.