ஓரத்தில் இருந்த மொழிப் பட்டியல்

நான் தினமும் காலையில் காபி குடித்த பிறகு கணினியைத் திறந்து ஏதாவது ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரை படிக்கும் வழக்கம் உள்ளவன். படித்தது பிரெஞ்சுப் பள்ளியில், வீட்டில் பேசியது தமிழ். அதனால் ஒரு நாள் பிரெஞ்சு விக்கிப்பீடியா, மறுநாள் தமிழ் விக்கிப்பீடியா என்று மாற்றி மாற்றிப் படிப்பேன். 2020ஆம் ஆண்டு கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் ஒரு காலை, பிரெஞ்சுப் பக்கத்தைத் திறந்தால் முகமே மாறிப் போயிருந்தது. எழுத்தெல்லாம் நடுவில் ஒடுங்கி, ஓரங்களில் வெள்ளையாகக் காலி இடம். ஏதோ தவறான பொத்தானை அழுத்திவிட்டேன் என்று நினைத்து, கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன். அப்படியேதான் இருந்தது.

என் மைத்துனர் மகன் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறான். போன் போட்டுக் கேட்டேன். "மாமா, நீங்க ஒண்ணும் பண்ணலே. அவங்கதான் டிசைனை மாத்தறாங்க. உலகம் பூரா மாறப்போவுது" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? நான் காசு கொடுத்தா படிக்கிறேன், கேள்வி கேட்க? ஆனாலும் கோபம் வந்தது.

நண்பர்களில் பலரும் இதே தளத்தைப் படிப்பவர்கள் என்பதால் விவரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். விக்கிப்பீடியாவுக்கு 2004இல் ஒரு முகம் வந்தது. 2010இல் அது மாறி 'வெக்டர்' என்ற தோற்றம் வந்தது. அதைத்தான் நாம் பத்து ஆண்டுகளுக்கு மேல் பார்த்துப் பழகியிருந்தோம். அதற்குப் பிறகு வந்தது இந்தப் புதிய தோற்றம். அதன் பெயர் 'வெக்டர் 2022'. முதலில் பரீட்சித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட சில மொழிகளில் பிரெஞ்சும் ஒன்று. ஆங்கிலத்துக்கு 2023 ஜனவரி 18ஆம் தேதி வந்தது. வந்த அன்றிலிருந்து அங்கே பெரிய வாக்குவாதம். பழையதையே கொடுங்கள் என்று ஏராளமான பேர் எழுதினார்கள். ஆனால் புதியது நின்றுவிட்டது. நம் தமிழ் விக்கிப்பீடியாவிலும் இப்போது அதுதான்.

மாற்றங்கள் ஒரே நாளில் வரவில்லை, ஒவ்வொன்றாக வந்தன. வரியின் அகலத்தைக் குறைத்தார்கள். தேடும் பெட்டியைப் பெரிதாக்கினார்கள். பொருளடக்கத்தைக் கட்டுரைக்குள்ளிருந்து எடுத்து இடப்பக்க ஓரத்தில் வைத்தார்கள். இடப்பக்கத்தில் கீழே இருந்த மொழிப் பட்டியலை எடுத்து, தலைப்புக்கு வலப்பக்கம் ஒரு பொத்தானுக்குள் போட்டார்கள்.

இதில் எது நல்லது, எது சரியில்லை என்பதைப் பழகிப் பார்த்த பிறகு சொல்வதுதான் நியாயம். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்.

வரி அகலத்தைக் குறைத்தது நல்லது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மூன்று மாதம் ஆனது. நீளமான வரியைப் படித்து முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பும்போது, நம் வயதில் வரி தப்பிவிடும். படித்த வரியையே மறுபடி படிப்போம். செய்தித்தாளில் ஏன் பத்தி பத்தியாகப் பிரித்து அச்சிடுகிறார்கள்? இதற்காகத்தான். பொருளடக்கம் ஓரத்தில் கூடவே வருவதும் நல்லது. பிரெஞ்சுப் புரட்சி போன்ற ஒரு நீண்ட கட்டுரையில், நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அது காட்டிக்கொண்டே இருக்கிறது. தமிழில் தலைப்புகள் நீளமாக இருப்பதால் அந்தக் குறுகிய இடத்தில் மூன்று வரியாக மடங்குகின்றன. அது சிறு குறை. பொறுத்துக்கொள்ளலாம்.

பின்னால் இன்னொரு வசதியும் வந்தது. மூக்குக்கண்ணாடி போல ஒரு சிறு படம் இருக்கும். அதைத் தொட்டால் எழுத்தைப் பெரிதாக்கலாம், அகலத்தைக் கூட்டலாம், இருட்டுப் பின்னணி வைக்கலாம். கண்புரை அறுவை செய்துகொண்ட நண்பர்களுக்கு இது பெரிய உதவி. தெரியாதவர்கள் இன்றே போய்ப் பாருங்கள்.

ஆகவே நான் மாற்றத்துக்கு எதிரி இல்லை. நம் தலைமுறை இதைவிடப் பெரிய மாற்றத்தைப் பார்த்தது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது நமக்கு எத்தனை வயது? லை, ளை, ணை, னை எல்லாவற்றுக்கும் யானைத் துதிக்கை போலத் தலைக்கு மேல் ஒரு வளைவு போட்டு எழுதக் கற்றவர்கள் நாம். அது போய்விட்டதே என்று அப்போது முணுமுணுக்காதவர் யார்? ஆனால் தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் அதனால் கிடைத்த எளிமை உண்மையானது. இன்று யாரும் அந்தத் துதிக்கைக்காக அழவில்லை. புதிய முகம் பழகிவிடும். ஆகவே, "பழகிவிட்டோம், மாற்றாதே" என்பது ஒரு வாதமே அல்ல. மாற்றத்தில் எது தொலைந்தது என்பதுதான் கேள்வி.

இங்கே தொலைந்தது அந்த மொழிப் பட்டியல்.

ஒரு சொந்த அனுபவம். ஓய்வு பெற்ற புதிதில், பிரெஞ்சுக் காலத்துப் புதுச்சேரி ஆளுநர் ஒருவரைப் பற்றிப் பிரெஞ்சுக் கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டுக் கண் இடது ஓரத்தில் இறங்கியது. ஜெர்மன், இத்தாலியம், ரஷ்யம், ஜப்பானியம் என்று வரிசையாக மொழிகள். தமிழ் இல்லை. இந்த ஊரை ஆண்ட மனிதரைப் பற்றி ஜப்பான்காரர் படிக்கலாம், இந்த ஊர்க்காரர் தம் மொழியில் படிக்க முடியாது. மனசு என்னவோ செய்தது. அன்று இரவு உட்கார்ந்து தமிழில் எட்டு வரி எழுதிப் போட்டேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக, மேலதிகாரி ஒப்புதல் இல்லாமல் நான் எழுதிய எட்டு வரி! ஒரு வாரத்துக்குள் முகம் தெரியாத இரண்டு பேர் வந்து என் சந்திப் பிழைகளைத் திருத்தி, ஆதாரம் சேர்த்து, கட்டுரையை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் பல எழுதினேன்.

அன்று நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. எதையும் தேடவில்லை. தமிழ் இல்லை என்பது தானாகவே கண்ணில் பட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அந்தப் பட்டியலை முதலில் சுருக்கினார்கள். முழுப் பட்டியலுக்குப் பதில் ஏழெட்டு மொழி மட்டும் தெரியும்படி செய்தார்கள். இப்போது அதுவும் போய், எண்ணோடு ஒரு பொத்தான். '12 மொழிகள்' என்று போட்டிருக்கும். அந்தப் பன்னிரண்டில் தமிழ் உண்டா, இல்லையா? அழுத்தினால்தான் தெரியும். பொத்தானில் ஒரு சிறு படமும் உண்டு. சீன எழுத்து ஒன்றும் ஆங்கில 'ஏ' எழுத்தும் சேர்ந்த படம். மொழி மாற்ற இதைத் தொட வேண்டும் என்று என் மனைவிக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. 2010இல் வெக்டர் வந்தபோதே ஆங்கிலத்தில் மொழிப் பட்டியலை மடித்து மறைத்தார்கள். அதைச் சொடுக்குபவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் என்று கணக்குக் காட்டினார்கள். எழுதும் தொண்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாதாடி, பட்டியலைத் திரும்ப விரிக்க வைத்தார்கள். கணக்கு பொய் அல்ல. ஆனால் சொடுக்கியவர்களைத்தான் எண்ண முடியும். பார்த்துவிட்டுப் போனவர்களை எப்படி எண்ணுவது?

நம் ஊர்த் தெருமுனைகளில் நீலப் பலகை இருக்கிறதே, பிரெஞ்சும் தமிழுமாக எழுதிய பலகை. துய்மா வீதி என்று போட்டிருக்கும் பலகையை யாராவது போய்த் தொடுகிறார்களா? கடந்து போகிறார்கள், கண்ணில் படுகிறது, இங்கே இரண்டு மொழி உண்டு என்று தெரிந்துகொள்கிறார்கள். யாரும் தொடவில்லை என்று சொல்லி அதைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் வைத்து, 'இங்கே பெயர்ப் பலகை உள்ளது' என்று எழுதினால் எப்படி இருக்கும்?

குறைவாகப் பயன்படுவதெல்லாம் வேண்டாதது என்று நினைப்பதன் ஆபத்தை நான் உத்தியோகத்திலேயே பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேடு ஒன்று இருந்தது. கடைசிக் கட்டம் 'ரிமார்க்ஸ்'. பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். புதிய பதிவேடு அச்சடிக்கும்போது, காலியாக இருக்கும் கட்டத்துக்கு எதற்குத் தாள் செலவு என்று அதை எடுத்துவிட்டார்கள். பழைய விவரங்களைப் புதியதில் பெயர்த்து எழுதினோம். நானும்தான் எழுதினேன். ரிமார்க்ஸை எழுத இடம் இல்லை.

அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது? நம் ஊரில் பெயருக்கு இரண்டு வடிவம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலேயர் முறையில் 'உ'வுக்கு ஓர் எழுத்து, பிரெஞ்சு முறையில் இரண்டு. எத்தா சிவில் பதிவில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி. "இவரும் அவரும் ஒருவரே, சான்று பார்க்கப்பட்டது" என்று பழைய எழுத்தர்கள் சிலருக்கு மட்டும் அந்தக் கட்டத்தில் குறித்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவர் இறந்த பிறகு அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு வந்தார். கணவர் பெயரும் பதிவேட்டுப் பெயரும் ஒன்று அல்ல என்று திருப்பி அனுப்பப்பட்டார். எட்டு மாதம் நடந்தார். கடைசியில் பரணில் கிடந்த பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துத்தான் தீர்ந்தது. புதிய பதிவேடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஏனென்றால் பெயர்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன். "இந்தக் குறிப்பு எங்கே போவது?" என்று நான் அன்று வாய் திறந்து கேட்கவில்லை.

மைத்துனர் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனும் நியாயமாகத்தான் பதில் சொன்னான். "விக்கிப்பீடியா முந்நூறு மொழிக்கு மேல இருக்குது மாமா. எல்லாத்தையும் ஓரத்துலே அடுக்கினா யாரு படிப்பாங்க? இப்ப பாதிப் பேருக்கு மேல போன்லதான் பாக்கறாங்க. அதுலே ஓரமே கிடையாது. முன்னே எங்கேயோ கீழே கிடந்த மொழி இப்ப மேலே தலைப்புப் பக்கத்துலே வந்திருக்குது, அது நல்லதுதானே?" என்றான். இதில் உண்மை இருக்கிறது. மொழி மாற்ற வேண்டும் என்று நினைத்து வருபவருக்கு மேலே உள்ள பொத்தான் வசதிதான். நான் கவலைப்படுவது நினைக்காமல் வருபவரைப் பற்றி.

அதனால் முந்நூறு மொழியும் வேண்டாம். என் யோசனை சிறியது. தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி. படிப்பவர் தமக்கு வேண்டிய இரண்டு மூன்று மொழியைத் தேர்ந்துவைத்தால், அவை மட்டும் அங்கே நிற்கட்டும். கட்டுரை இருந்தால் அழுத்தமான எழுத்தில். இல்லாவிட்டால் மங்கலாக, 'தமிழில் இன்னும் இல்லை' என்று. போனிலும் ஒரு வரிக்கு இடம் இருக்கும். பிரெஞ்சில் 25 லட்சம் கட்டுரைகளுக்கு மேல் உண்டு. தமிழில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கிறோம். பெரிய மொழிக்காரருக்கு அந்தப் பட்டியல் அலங்காரமாக இருக்கலாம். நமக்கு அது இன்னும் எழுதப்படாதவற்றின் கணக்கு. கணக்கைக் கண்ணுக்கு முன் வைத்தால்தான் ஈடு கட்டுவோம்.

ஊர் சேர்ந்து கட்டிய சத்திரத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வைக்கலாம், வாசலை இடம் மாற்றலாம். ஆனால் ஊரார் வந்து பேச ஓர் இடம் வேண்டும். விக்கிப்பீடியாவில் அந்த இடம் உண்டு. பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'பிஸ்த்ரோ', அதாவது தெருமுனைச் சின்ன மதுக்கடை. தமிழில் அதற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்தடி இருந்து என்ன பயன், நாம் போய் உட்காராவிட்டால்? அங்கே பேசுபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். நம்மைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து, மாற்றிவிட்டார்களே என்று திட்டிக்கொண்டிருக்கிறோம். நான் மூன்று மாதம் அதைத்தான் செய்தேன்.

இப்போது ஒரு கணக்குத் தொடங்கிவைத்திருக்கிறேன். கணக்கு உள்ளவர்கள் விருப்பத்தேர்வுகளில் போய்ப் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ளலாம். நான் அப்படிச் செய்யவில்லை. எல்லாரும் பார்ப்பதையே பார்த்தால்தான் குறையைச் சொல்ல முடியும். இந்த ஒரு வரி யோசனையை ஆலமரத்தடியிலும் பிஸ்த்ரோவிலும் எழுதப் போகிறேன். ஏற்பார்களோ, மாட்டார்களோ. ரிமார்க்ஸ் கட்டம் எங்கே போயிற்று என்று ஒரு தடவை கேட்காமல் இருந்தேன், அது போதும்.

அதுவரை நண்பர்கள் ஒன்று செய்யுங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எதையாவது படித்தால், முடித்தபின் அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தமிழ் இல்லையென்றால் நாலு வரி எழுதுங்கள். பிழை வருமே என்று தயங்க வேண்டாம், திருத்த ஆள் இருக்கிறார்கள்.