கூலி என்பது ஆளின் பெயரன்று

கூலி என்னும் ஈரெழுத்துச் சொல்லுக்கு உலக மொழிகள் கொடுத்துள்ள பொருள்கள் பல. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் விளங்குவது ஒரு சொல்லின் வரலாறு மட்டுமன்று. உழைப்பவனை உலகம் எவ்வாறு மதித்தது என்னும் வரலாறுமாகும்.

தமிழிலே கூலி என்பது உழைப்புக்கு உரிய பயன். வள்ளுவர் 619 ஆம் குறளில், மெய்வருந்த முயன்றவன் பெறும் பயனை இச்சொல்லாலேயே குறித்தார். அங்கே இழிவின் நிழல்கூட இல்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் ஊதியமே பொருள். சிங்களத்தில் ‘குலிய’ என்றால் வாடகை. வீட்டு வாடகைக்கும் அதுவே சொல். இம்மொழிகளிலெல்லாம் அது முதற்கண் ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட பணத்தின் பெயர்.

வடக்கே போனால் பொருள் மாறுகிறது. உருதுவிலும் இந்தியிலும் ‘குலி’ சுமை தூக்குபவர். துருக்கி மொழியில் ‘குல்’ என்றால் அடிமை, அடியவன். 1591 இல் ஐதராபாத் நகரை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் பெயரிலும் அந்த அடியவனே நிற்கிறான். ஆங்கிலேயர் வழங்கிய ‘கூலி’ தமிழிலிருந்து சென்றது என்பார் சிலர். குசராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து பிறந்தது என்பார் வேறு சிலர். இரண்டும் கலந்தன என்பாரும் உளர். சீனரோ அவ்வொலிக்கு இரண்டு எழுத்துகளைத் தேர்ந்து எழுதினர். அவற்றின் பொருள் ‘கசந்த வலிமை’. ஜெர்மனியில் ‘குலி’ கேட்டால் பேனாவை நீட்டுவார்கள். அங்கே அது குமிழ்முனைப் பேனாவின் பேச்சுவழக்குப் பெயர்.

இச்சொல்லைப் பணத்திலிருந்து பெயர்த்தெடுத்து மனிதனின் நெற்றியில் ஒட்டி உலகெங்கும் பரப்பியது ஏகாதிபத்தியம். 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய மொரீசியசின் துறை ‘கூலித் துறை’ எனப்பட்டது. இன்று ஆப்பிரவாசி காட் என்னும் பெயரோடு, 2006 முதல் உலக மரபுச் சின்னமாக அது விளங்குகிறது. 1893 இல் நேட்டாலுக்குச் சென்ற காந்தியடிகளும் அங்கே ‘கூலி பாரிஸ்டர்’தான். இலங்கையிலோ தொழிலாளர் குடியிருந்த லயம் ‘கூலி லைன்’ ஆயிற்று. துரைமார் கற்ற எமது தாய்மொழி ‘கூலித் தமிழ்’ ஆயிற்று!

இப்பெயரின் விளைவு என்ன? வட்டகொடையைப் பாருங்கள். அங்குள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அவர், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே, 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வந்தவன் கூலி, வேலை முடிந்தாற் போகவேண்டியவன் என்னும் எண்ணமன்றோ அச்சட்டத்தின் உயிர்? நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 இன் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதனைக் கூலி என்றழைத்த உலகம் அவன் கூலியைப் பேர் என்று எழுதி, அதிலும் பாதியை வெட்டிய கொடுமையை என்னென்பது! நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 1,350 ரூபாய்க்கு 2024 வரை.

பிறரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. மருத்துவர் பெறுவது கட்டணம். அலுவலர் பெறுவது சம்பளம். வயலில் நாற்று நடுபவர் பெறுவது மட்டும் கூலி என்று பிரித்தவர் யார்? நாமல்லவா? படித்த தமிழரும் நிலமுடைய தமிழரும் ‘கூலிக்காரன்’, ‘தோட்டக்காட்டான்’ என்று வாய்கூசாது சொல்லும்போது, துரையின் பழைய நாக்கு எமது வாயிற் குடியேறிவிடுகிறது.

சொல்லை ஒழித்தாற் போதுமா? இந்திய ரயில்வே 2016 இல் கூலி என்ற பெயரை நீக்கிச் ‘சகாயக்’ என்று சூட்டியது. நல்லதே, ஆயினும் பெயர் மாறியதால் மட்டும் தலைச்சுமை இறங்குவதில்லை. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் தமக்குத் தாமே சூட்டிய பெயர் ‘மாண்புமிகு மலையக மக்கள்’. அப்பெயரால் அவர்களை அழைப்பது எமது கடன்.

கூலி என்ற சொல்லுக்கு அதன் பழைய இடத்தை மீட்டுக் கொடுப்போம். அது ஆளின் பெயரன்று. அவனுக்குச் சேரவேண்டிய கடனின் பெயர். கடன் என்றால் அரைப்பேருக்கு இடமில்லை. முழுமையாகத் தீர்க்கப்படல் வேண்டும்.